பெர்ரி பாக்கெட்டை நம்பி மாத்திரையை நிறுத்திய எட்டு மாதங்கள்

இதை எழுத நீண்ட நாள் தயங்கினேன். வெட்கம்தான் காரணம், வேறொன்றுமில்லை. பினாங்கின் பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். ஒரு பில்லில் பத்து காசு இடித்தால்கூட அன்றைக்கே தேடிப் பிடித்துவிடுவேன். அப்படிப்பட்டவள் எட்டு மாதத்தில் 4,748 வெள்ளியை (மலேசிய ரிங்கிட்) கொட்டினேன். ஒரு நாள்கூட அந்தப் பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் படிக்கவில்லை. பணம் போனது ஒரு பக்கம். ரத்தத்தில் சீனி அளவு 6.8-லிருந்து 9.2-க்கு ஏறியது இன்னொரு பக்கம். "பெட்டியைத் திருப்பிப் பார், எத்தனை கிராம் இருக்கிறது என்று கேள்" என்று யாராவது அப்போதே சொல்லியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. அதனால்தான் இப்போது நான் சொல்கிறேன்.

2023 மார்ச் மாதம் கம்பெனியில் எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். எனக்கு எச்பிஏ1சி 6.8 என்று வந்தது. கடந்த இரண்டு மூன்று மாதங்களில் ரத்தத்தில் சீனி சராசரியாக எவ்வளவு இருந்தது என்பதைக் காட்டும் எண் அது. பல நாடுகளில் 6.5-ஐத் தொட்டால்தான் நீரிழிவு என்பார்கள். நம் மலேசிய வழிகாட்டியில் 6.3-லேயே நீரிழிவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டில் பெரியவர்கள் 18.3 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருந்தது, இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த விவரம். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாதான். இனிப்பு நீர் வந்து, சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நாற்காலியில் நான்கு வருடம் உட்கார்ந்தவர். அவர் கையில் புடைத்திருந்த அந்த நரம்பை நான் இன்னும் கனவில் பார்க்கிறேன். ரிப்போர்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்தில் வீடு திரும்பும்போது என் கையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளிதான் கட்டணம். மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று. "முதல் இரண்டு வாரம் வயிறு கொஞ்சம் பிரட்டும், சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க, போகப் போகச் சரியாயிடும்" என்று டாக்டர் சொல்லித்தான் கொடுத்தார். சொன்னபடியே பிரட்டியது. பத்தாம் நாள் குறைய ஆரம்பித்தது. அப்படியே நான் மாத்திரையைத் தொடர்ந்திருக்க வேண்டும்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை கோவிலில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் அக்காவைப் பார்த்தேன். அவர் பெயர் வேண்டாம். அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது மாதக்கணக்கில் கஞ்சி வைத்துக் கொடுத்தவர் அவர், அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. முகத்தைப் பார்த்ததுமே கேட்டுவிட்டார். நானும் சொன்னேன். "தங்கச்சி, அந்த மாத்திரை வயித்துல இருக்கிற நல்ல பாக்டீரியாவை எல்லாம் கொன்னுடும். உங்கம்மா எவ்வளவு மாத்திரை போட்டாங்க, என்னாச்சு? நான் இதைத்தான் குடிக்கிறேன்" என்று பையிலிருந்து ஊதா நிறப் பாக்கெட் ஒன்றை எடுத்தார். பெர்ரித் தூள். தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். கூடவே வாட்சாப்பில் ஒரு வீடியோ அனுப்பினார்.

அந்த வீடியோவைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். அதில் சொன்ன அறிவியலில் பெரும்பகுதி பொய்யில்லை. முழுப் பொய்யாக இருந்திருந்தால் நானே பிடித்திருப்பேன். புளூபெர்ரி, நாவல், கருந்திராட்சை இவற்றின் தோலில் இருக்கும் ஊதாவும் கருநீலமும் ஆந்தோசயனின் என்ற நிறப்பொருள். பாலிஃபினால் என்ற பெரிய குடும்பத்தில் அது ஒரு வகை. நாம் சாப்பிடும் பாலிஃபினாலில் கொஞ்சம்தான் சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது. மீதி பெருங்குடல் வரைக்கும் போகிறது. அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் அதை உடைத்து, சின்னச் சின்ன அமிலங்களாக மாற்றி, அவற்றில் பல நம் ரத்தத்தில் சேர்கின்றன. அதாவது பழத்தில் ஒரு பங்கை நாம் செரிக்கிறோம், இன்னொரு பங்கை அவை செரிக்கின்றன. பதிலுக்கு அந்தப் பொருள்களும் எந்த பாக்டீரியா பெருகும், எது அடங்கும் என்பதை மாற்றுகின்றன. அக்கர்மேன்சியா என்று ஒன்று இருக்கிறது. நெதர்லாந்தின் வாகெனிங்கன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2004-ல் அதை விவரித்தார்கள். குடல் சுவரை மூடியிருக்கும் சளிப்படலத்தில் வாழ்வது. உடல் பருமனும் நீரிழிவும் இருப்பவர்களிடம் அது குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் லாவால் பல்கலைக்கழகத்தில், கொழுப்பும் சீனியும் நிறைந்த தீனி கொடுத்த எலிகளுக்கு கிரான்பெர்ரிச் சாறெடுத்துக் கொடுத்தபோது எடை குறைவாக ஏறியது, இன்சுலின் நன்றாக வேலை செய்தது, அக்கர்மேன்சியாவும் பெருகியது. 2015-ல் வெளியானது. இவ்வளவும் உண்மை. எலி என்ற ஒரு சொல்லை மட்டும் அந்த வீடியோ விட்டுவிட்டது.

நான் முதல் பெட்டி வாங்கினேன், 178 வெள்ளி. முப்பது பாக்கெட். தினம் இரண்டு என்பதால் பதினைந்து நாளில் முடிந்துவிட்டது. ஏப்ரல் கடைசியில் மெட்ஃபார்மினை நிறுத்தினேன். யாரும் என் கையைப் பிடித்து நிறுத்தச் சொல்லவில்லை, நானேதான் மாத்திரை டப்பாவை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தேன். மே மாதம் உறுப்பினர் பேக்கேஜ், எட்டுப் பெட்டி, 1,280 வெள்ளி. என் வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறார், வாரத்தில் நான்கு நாள் ஜொகூர் பக்கம் இருப்பார். மகன் கெடாவில் தங்கிப் படிக்கிறான். லோரி டயருக்கு என்று எடுத்து வைத்திருந்த பணத்திலிருந்து எடுத்ததால் அவரிடம் சொல்லவில்லை. ஒரு பொய் சொன்னால் அடுத்ததும் தேவைப்படும் அல்லவா, அப்படித்தான் எட்டு மாதமும் தனியாகவே கிடந்தேன்.

ஜூனில் வயிறு ஊத ஆரம்பித்தது. சாயங்காலம் ஆனால் பாவாடை நாடா இறுக்கும். அப்புறம் பேதி. ஒரு நாளைக்கு நான்கு, ஐந்து தடவை. அக்காவிடம் சொன்னால், "நல்லதும்மா, கழிவு வெளியேறுது, கெட்ட பாக்டீரியா சாகுது, விடாம குடி" என்றார். அவருக்கு மேலே இருக்கும் விற்பனைக் குழுவிலும் அதையே சொன்னார்கள். நோயின் அறிகுறியை யாராவது குணமாகும் அறிகுறி என்று சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்துவிடுங்கள். நான் எழவில்லை. ஆடிட் நடக்கும் நேரத்தில் கூட்டத்தின் நடுவில் இரண்டு தடவை எழுந்து ஓடினேன். எம்சி (மருத்துவ விடுப்பு) முடிந்து, சம்பளமில்லா விடுப்பு நான்கு நாள் எடுத்தேன். பேருந்தில் ஏறவே பயம். வழியில் நெரிசல் என்றால் என்ன செய்வது என்று ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பினேன். மனுஷிக்கு இதைவிட அவமானம் என்ன இருக்கிறது என்று அழுத நாள்கள் உண்டு.

செப்டம்பரில் இரண்டாவது பேக்கேஜ், இன்னொரு 1,280. அந்த மாதமே மலப் பரிசோதனை ஒன்றும் செய்தேன். குடலில் எந்தெந்த பாக்டீரியா எத்தனை விழுக்காடு என்று வண்ண வண்ணமாக இருபது பக்க அறிக்கை, 1,150 வெள்ளி. அதில் அக்கர்மேன்சியா "குறைவு" என்று சிவப்பில் போட்டிருந்தார்கள். கீழேயே ஒரு மாத்திரை பரிந்துரை, பாட்டில் 120 வெள்ளி. நான்கு பாட்டில் வாங்கினேன், 480. இன்றைக்குத் தெரிகிறது, பேதி இருக்கும்போது எடுத்த மாதிரியில் பாக்டீரியா அளவுகள் மாறிப்போயிருக்கும். மலம் எவ்வளவு இளகியிருக்கிறது என்பதே அந்த எண்களை வெகுவாக மாற்றிவிடும். போதாததற்கு இன்னின்ன பாக்டீரியா இவ்வளவு இருந்தால் சரி என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் இன்னும் வரவில்லை. நீரிழிவுக்கு மருத்துவம் பார்க்கும் டாக்டர் யாரும் அந்த அறிக்கையைக் கேட்கமாட்டார். பரிசோதனை செய்பவரே மருந்தும் விற்றால் கூடுதல் கவனம் வேண்டும். அந்த 1,150 வெள்ளிக்கு எனக்குக் கிடைத்தது பயம் மட்டும்தான்.

நவம்பர் கடைசியில் வலது விலாவுக்குக் கீழே வலி. தனியார் கிளினிக்கில் ஸ்கேன் எடுத்தேன், 380 வெள்ளி. கல்லீரலில் கொழுப்பு. அந்த டாக்டர் சீனி அளவு எவ்வளவு என்று கேட்டார், தெரியாது என்றேன். அப்போதுதான் உறைத்தது, மார்ச்சுக்குப் பிறகு நான் ரத்தம் சோதிக்கவே இல்லை. பெர்ரி குடிக்கிறோம், எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு. டிசம்பரில் அரசாங்கக் கிளினிக்குக்குத் திரும்பிப் போனேன். 9.2. திட்டுவார்கள் என்று எண்ணித்தான் எட்டு மாதம் அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன். டாக்டர் திட்டவில்லை. "மாத்திரை எப்போ நிறுத்தினீங்க?" என்று மட்டும் கேட்டார். ஏப்ரல் என்றேன். எழுதிக்கொண்டார். அன்றிரவு வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "டயரைப் பாத்துக்கலாம், நீ மொதல்ல மாத்திரையைப் போடு" என்றார்.

அடுத்த வாரம் கிளினிக்கின் உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். என் மகனைவிட நான்கைந்து வயது மூத்த மலாய்ப் பெண். "புவான், அந்தப் பெட்டி இருந்தால் எடுத்து வாங்க" என்று சொல்லியிருந்தார். கொண்டுபோனேன். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராகப் பின்பக்கம் திருப்பினார். நம் நாட்டு உணவுச் சட்டப்படி, எந்தப் பொருள் எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும், அப்படியே இறங்குவரிசையில் வரும். முதலில் இருந்தது மால்டோடெக்ஸ்ட்ரின். அது மாவுச்சத்தை உடைத்துச் செய்த தூள். நாக்குக்கு அவ்வளவாக இனிக்காது, ரத்தத்தில் சீனியைப் போலவே வேகமாக ஏறும். அதனால்தான் பெட்டியில் "சீனி சேர்க்கப்படவில்லை" என்று போட முடிகிறது. இரண்டாவது ஃப்ரக்டோ ஒலிகோசாக்கரைட், அது பாக்டீரியா நொதிக்க வைக்கும் நார். மூன்றாவது சார்பிட்டால், குடலுக்குள் தண்ணீரை இழுக்கும் இனிப்பு. "இந்த ரெண்டையும் வெறும் வயித்துல தினம் ரெண்டு தடவை குடிச்சா பலருக்கு வயிறு ஊதும், சிலருக்குப் பேதியும் ஆகும்" என்றார். கெட்ட பாக்டீரியாவும் சாகவில்லை, கழிவும் வெளியேறவில்லை. கடைசிக்கு முந்தின வரியில் இருந்தது பெர்ரித் தூள் கலவை, 3 விழுக்காடு.

அப்போது அவர் ஒரு தாளில் போட்ட கணக்கை நான் மறக்கவே மாட்டேன். ஒரு பாக்கெட் 15 கிராம். அதில் 3 விழுக்காடு என்றால் 0.45 கிராம். அரை கிராம்கூட இல்லை. பெர்ரியை வைத்து மனிதர்களிடம் நடந்த ஆய்வு ஒன்றை எடுத்துக் காட்டினார். 2010-ல் அமெரிக்காவில், நீரிழிவு இல்லாத ஆனால் இன்சுலின் சரியாக வேலை செய்யாத, உடல் பருமனான 32 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு சாராருக்கு ஆறு வாரம் தினம் 45 கிராம் புளூபெர்ரித் தூள் கொடுத்தார்கள். அவர்களிடம் இன்சுலின் செயல்பாடு மேம்பட்டது. 45 கிராம் எங்கே, 0.45 கிராம் எங்கே? அந்த அளவை எட்ட நான் ஒரு நாளைக்கு நூறு பாக்கெட் குடிக்க வேண்டும். தினம் இரண்டு பாக்கெட்டில் எனக்குக் கிடைத்தது 24 கிராம் மாவுச்சத்து, ஒன்றரைத் துண்டு ரொட்டிக்கும் மேல். பத்தொன்பது வருடம் கணக்கு எழுதியவள், இந்தப் பெருக்கலைப் போட எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

எல்லாப் பழியையும் பாக்கெட் மேல் போடவும் மனசு வரவில்லை. 24 கிராம் மாவுச்சத்து மட்டும் 9.2-க்கு ஏற்றாது. மாத்திரையை நிறுத்தியது பெரிய காரணம். இன்னொன்று, "பெர்ரி பார்த்துக்கொள்ளும்" என்ற தைரியத்தில் காலைப் பசியாறலுக்கு ரொட்டி சானாயும் தே தாரேக்கும் திரும்ப வந்துவிட்டன. முன்பு பயத்தில் விட்டிருந்தேன். இன்னொரு விஷயம் கேட்டபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. மெட்ஃபார்மின் நல்ல பாக்டீரியாவைக் கொல்லும் என்று நம்பித்தானே நிறுத்தினேன். மெட்ஃபார்மின் எடுப்பவர்களின் குடலில் அக்கர்மேன்சியா கூடுதலாக இருப்பதைத்தான் ஆய்வுகள் கண்டிருக்கின்றன. எதைப் பெருக்க 480 வெள்ளிக்கு பாட்டில் வாங்கினேனோ, அதோடு தொடர்புள்ள மாத்திரை என் அலமாரியில் துணிக்கு அடியில் சும்மா கிடந்தது.

அப்படியானால் பெர்ரியால் பயனே இல்லையா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். இருக்கிறது, பழமாகச் சாப்பிட்டால், மருந்துக்குப் பதிலாக நினைக்காவிட்டால் என்றார். 2019-ல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வில், வளர்சிதை மாற்றக் கோளாறு (இடுப்புக் கொழுப்பு, ரத்த அழுத்தம், சீனி போன்றவை சேர்ந்து கூடியிருக்கும் நிலை) இருந்த 115 பேரிடம் ஆறு மாதம் பார்த்திருக்கிறார்கள். தினம் ஒரு கப், அதாவது 150 கிராம் புளூபெர்ரிக்குச் சமமாக எடுத்தவர்களுக்கு ரத்தக் குழாய்கள் விரிந்து கொடுப்பது மேம்பட்டது. இன்சுலின் செயல்பாட்டில் மாற்றமில்லை. முதல் ஆய்வில் கிடைத்தது இதில் கிடைக்கவில்லை. இப்படித்தான் உண்மையான ஆராய்ச்சி இருக்கும், ஒன்று ஆமாம் என்னும், இன்னொன்று பாதி ஆமாம் என்னும். 2013-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் அமெரிக்க சுகாதாரத் துறை ஊழியர்கள் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பல வருட உணவுப் பழக்கத்தைப் பார்த்தார்கள். முழுப் பழம், அதிலும் புளூபெர்ரி, திராட்சை, ஆப்பிள் சாப்பிட்டவர்களுக்கு நீரிழிவு குறைவாக வந்தது. பழச்சாறு குடித்தவர்களுக்கு அதிகமாக வந்தது. ஒரே பழம்தான், கடித்துத் தின்றால் ஒரு பலன், பிழிந்து குடித்தால் வேறு பலன். நாரும் தோலும் போனால் மிஞ்சுவது பெரும்பாலும் இனிப்புத் தண்ணீர்தான்.

ஆளுக்கு ஆள் பலன் மாறுவதையும் அவர்தான் விளக்கினார். எனக்கு அது மாவு புளிப்பதை வைத்துத்தான் புரிந்தது. ஒரே கடை அரிசி, ஒரே உளுந்து. என் மாவு ஐந்து மணி நேரத்தில் பொங்கிவிடும், நாத்தனார் வீட்டில் ராத்திரி முழுக்க வைத்தாலும் அப்படியே கிடக்கும். அந்தந்தச் சட்டியில் என்ன நுண்ணுயிர் இருக்கிறதோ அதைப் பொறுத்தது. குடலும் அப்படித்தான். மாதுளை, ஸ்ட்ராபெர்ரி, வால்நட் இவற்றில் இருக்கும் ஒரு வகைத் துவர்ப்புச் சத்தைச் சிலருடைய பாக்டீரியாக்கள் யூரோலித்தின் என்ற பொருளாக மாற்றும். சிலரிடம் அதை மாற்றும் பாக்டீரியாவே இருக்காது. அதே பழம், அதே அளவு, ரத்தத்தில் போய்ச் சேர்வது வேறு. "எனக்குக் கேட்டுச்சு, உனக்கும் கேக்கும்" என்று அக்கா சொன்னபோது இது தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது நான் சாப்பிடுவதைச் சொல்கிறேன், பினாங்கில் கிடைப்பதை வைத்து. இறக்குமதி புளூபெர்ரி எப்போதாவதுதான். வாங்கினால் உறையவைத்த பாக்கெட்டே வாங்குவேன், விலை குறைவு, உறைய வைப்பதால் அந்த நிறப்பொருள் பெரிதாகக் கெடுவதில்லை. சேர்த்த சீனி இல்லாததாகப் பார்த்து எடுங்கள். தினத்துக்கு என் பழம் கொய்யாதான், பாதிக் காய், தோலோடு. நூறு கிராம் கொய்யாவில் ஐந்து கிராமுக்கு மேல் நார் இருக்கிறது, புளூபெர்ரியில் அதில் பாதிகூட இல்லை. லிட்டில் இந்தியாவில் நெல்லிக்காய் வந்தால் கால் கிலோ வாங்கி உப்புப் போட்டு வைப்பேன். மலாக்கா ஊருக்குப் பெயர் கொடுத்ததாகச் சொல்லும் மரம் இந்த நெல்லிதான். அதன் துவர்ப்பும் பாலிஃபினால் குடும்பத்தைச் சேர்ந்ததே. தேனில் ஊறிய நெல்லிக்காய் வேண்டாம், அது மிட்டாய் கணக்கில் சேரும். தெரிந்தவர் வீட்டில் நாவல் மரம் இருக்கிறது, காய்க்கும் காலத்தில் ஒரு கைப்பிடி. ஔவையாரிடம் முருகன் சுட்ட பழமா சுடாத பழமா என்று கேட்டது இந்தப் பழத்தைத்தான். கேமரன் மலை ஸ்ட்ராபெர்ரியை அப்படியே தின்பேன், சாக்லேட் சாஸ் இல்லாமல். வேலியில் இருக்கும் சங்குப்பூவைச் சுடுதண்ணீரில் போட்டுக் குடிக்கிறேன். அந்த நீலமும் ஆந்தோசயனின்தான், எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாக மாறும். ஆனால் நாலு பூவில் எவ்வளவு இருந்துவிடப் போகிறது. சீனி போடாமல் ஒரு பானம் கிடைக்கிறது, அந்தச் சந்தோஷத்துக்குத்தான் குடிக்கிறேன். சிவப்பு டிராகன் பழத்தை எல்லாரும் பெர்ரி வகையில் சேர்க்கிறார்கள். அதன் நிறம் பீட்டாசயனின், பீட்ரூட் குடும்பத்து நிறம். பழமாகச் சாப்பிடலாம், அந்த ஆய்வுகளோடு முடிச்சுப் போட வேண்டாம். கருப்புப் புளுட் (ஒட்டும்) அரிசியிலும் ஆந்தோசயனின் உண்டு, ஆனால் நாம் அதைத் தேங்காய்ப்பாலும் சீனியும் போட்டுக் கஞ்சியாகத்தானே காய்ச்சுகிறோம்.

பழம் ஒரு நாளைக்கு இரண்டு பங்கு, ஒரே நேரத்தில் இரண்டையும் சாப்பிடக்கூடாது என்றார்கள். தட்டில் கால் பாகம் சோறு, கால் பாகம் மீனோ பருப்போ, அரைத் தட்டு காய்கறியும் பழமும். பெருங்குடல் பாக்டீரியாவுக்குப் பழத்தைவிட அந்த அரைத் தட்டும் தட்டைப்பயறும் கடலையும்தான் நிறையத் தீனி போடுகின்றன என்பது எனக்குப் புதுச் செய்தி. நாரை அவை நொதிக்க வைத்து பியூட்டிரேட் என்ற அமிலம் செய்கின்றன, பெருங்குடல் சுவர்ச் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். ஒன்று முக்கியம், ஒரே நாளில் எல்லாவற்றையும் ஆரம்பிக்காதீர்கள். நான் முதல் வாரம் வெறும் பாதிக் கொய்யா மட்டும், அடுத்த வாரம் பயறு ஒரு கரண்டி என்று ஏற்றினேன். வயிறு ஊதினால் ஒரு படி பின்னால் வந்தேன். பேதி, பாக்கெட்டை நிறுத்திய ஐந்தாம் நாளே நின்றுவிட்டது.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது இரண்டு மூன்று உண்டு. சத்து மாத்திரையோ பாரம்பரிய மருந்தோ என்று விற்றால் அதில் மால் (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும், அதைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையதளத்தில் தட்டிப் பார்க்கலாம். நான் வாங்கியது உணவு என்ற பெயரில் விற்றது, அந்த எண்ணே இல்லை. உணவாக விற்பவர்கள் நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லக்கூடாது. நீரிழிவைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டமே தடுக்கிறது. அதனால்தான் பெட்டியில் ஒரு வார்த்தை இல்லை, எல்லாம் வாட்சாப்பிலும் வாய்ப்பேச்சிலும் வந்தது. பெட்டியில் அச்சடிக்கத் துணியாததை ஒருவர் வாயால் சொன்னால் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுகிறவர்கள் கிரான்பெர்ரிச் சாறு, சத்து எதையும் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டுமானால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது, 5 வெள்ளி கட்டணம், 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். வக்கீல் வேண்டாம். ரசீதையும் வாட்சாப் பேச்சையும் அழிக்காமல் வையுங்கள். நான் போகவில்லை. போனால் எதிரில் நிற்கப்போவது அந்த அக்காதான், அவர் வீட்டு வரவேற்பறையில் விற்காத பெட்டி பதினொன்று அடுக்கியிருப்பதை நான் பார்த்துவிட்டேன்.

மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தேன், அளவைக் கொஞ்சம் கூட்டினார்கள். அடுத்த வருடம் மார்ச்சில் 7.8, ஜூனில் 7.0. கல்லீரல் கொழுப்புக்கு அடுத்த ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லை. எடை ஐந்து கிலோ குறைந்திருக்கிறது, சாயங்காலம் இளைஞர் பூங்காவில் வீட்டுக்காரரோடு நடக்கிறேன், அவர் ஊரில் இருக்கும் நாள்களில்.

போன மாதம் அக்கா கதவைத் தட்டினார். கால் மரத்துப்போகிறதாம், இரவில் எரிகிறதாம். அவரும் மாத்திரையை நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு இருவரும் கிளினிக்குக்குப் போய் எண் எடுத்தோம். காத்திருக்கும் நேரத்தில் கைப்பையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார், "திட்டுவாங்களா, தங்கச்சி?"

"திட்டமாட்டாங்க அக்கா. எப்ப நிறுத்துனீங்கன்னு மட்டும்தான் கேப்பாங்க. உள்ளதைச் சொல்லுங்க."

அவர் எண் வந்தது. நானும் கூடவே எழுந்தேன்.